ஒப்புக்கொடுத்தல்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாயில் அடிக்கடி வரும் வினைச்சொல் ‘ஒப்புக்கொடு’. கத்தோலிக்கர் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். குடும்பத்தை இயேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுப்பார்கள். சீர்திருத்தச் சபைகளின் கன்வென்ஷன் பந்தலில் கடைசி நாள் இரவு, “முழுசா ஒப்புக்கொடுக்கிறவங்க யாரு?” என்று பிரசங்கியார் கேட்பார், கைகள் உயரும். மகனை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த தாய்மாரும் உண்டு. அன்னாள் தன் பிள்ளை சாமுவேலை ஆலயத்தில் விட்டதற்கும் பழைய வேதாகமத் தமிழில் இதே சொல்தான். கோயிலுக்கு வெளியே ‘ஒப்படை’ இந்தச் சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கோயிலுக்குள் இது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒத்திருத்தல், பொருந்துதல் என்ற பொருளில் கிளைத்த குடும்பம் இது. ஒப்பு, ஒப்பம், ஒப்புரவு எல்லாம் இதன் உறவினர்கள். ‘ஒப்புக்கொள்’ வாங்குகிறவர் சொல், ‘ஒப்புக்கொடு’ தருகிறவர் சொல். கோயிலில் பொருள்களைப் பார்த்துக்கொள்கிறவர் மாறும்போது இந்த இரண்டு சொற்களும் ஒன்றாக வேலை செய்வதைப் பார்க்கலாம். ஒருவர் பட்டியலை வாசிப்பார். பூசைப் பாத்திரம், தூபக்கலசம், தேரின் வெள்ளிக் குடை என்று மற்றவர் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். கடைசி உருப்படி சரியாக வந்த பிறகுதான் அடியில் ஒப்பம். ‘கொடுத்துவிட்டேன்’ என்று ஒருவர் தனியாகச் சொல்லிவிடலாம். ‘ஒப்புக்கொடுத்துவிட்டேன்’ என்று சொல்ல வேண்டுமானால் எதிரில் இருப்பவரின் கணக்கும் ஒத்துவர வேண்டும்.

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழு வேதாகமமாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதலைத்தான் புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலானவை இன்றும் வாசிக்கின்றன. இந்தச் சொல்லின் முழு வீச்சை அதில் காணலாம். கிரேக்க மூலத்தின் மூன்று வெவ்வேறு சொற்கள் அதில் ‘ஒப்புக்கொடு’ என்ற ஒரே வாய்க்காலில் வந்து சேர்கின்றன. முதலாவது ‘பராதிதோமி’, கைமாற்றிவிடுதல். மனுஷகுமாரன் மனுஷர் கையில் ஒப்புக்கொடுக்கப்படுவார் என்ற இடத்திலும், தம்மைத்தாமே எனக்காக ஒப்புக்கொடுத்தவர் என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதும் இடத்திலும் வருவது இது. இரண்டாவது ‘பாரிஸ்தேமி’, ஒருவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துதல். உடலை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லும் ரோமர் 12-ஆம் அதிகாரத்து வினை அது. மூன்றாவது, காப்பாற்றித் தரும்படி ஒருவரிடம் வைத்த பொருளைக் குறிக்கும் சொல். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், தான் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்ததை அவர் காத்துக்கொள்வார் என்று பவுல் சொல்லும் இடத்தில் இருப்பது அது.

முதல் வினையில் ஒரு முடிச்சு இருக்கிறது. யூதாஸ் செய்ததற்கும் கிரேக்கத்தில் அதே ‘பராதிதோமி’தான். தமிழ்த் திருப்புதல் அவன் கைக்குக் ‘காட்டிக்கொடு’ என்று வேறு சொல் வைத்தது. யூதாஸும் கையை விட்டான், இயேசுவும் தம்மை விட்டுக்கொடுத்தார், கைமாறியவர் ஒருவரே. காட்டிக்கொடுப்பவன் தன்னுடையதல்லாததை விற்கிறான், ஒப்புக்கொடுப்பவர் தம்மையே தருகிறார் என்ற வேறுபாட்டைத் தமிழ் வாசகர் விளக்கவுரை இல்லாமலே பிடித்துக்கொள்கிறார்.

இந்தச் சொல்லின் தம்பி ‘ஒப்புவி’. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் சிலுவையில் இயேசு கடைசியாகச் சொன்ன வார்த்தையின் வினை அது. பின்னாளில் வந்த பொது மொழிபெயர்ப்பு அங்கே ‘ஒப்படை’ என்று மாற்றிக்கொண்டது. அந்த மாற்றத்தில் ஒரு பொருள் கழன்றுபோனது. ஒப்புவித்தல் என்றால் மனப்பாடம் செய்ததை ஆசிரியர் முன்னால் பிசகாமல் சொல்வதும்தான். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் ஒப்புவிக்கும் போட்டி வைப்பதை நாம் அறிவோம். சிலுவையில் இயேசு சொன்னது 31-ஆம் சங்கீதத்தின் 5-ஆம் வசனம். மற்ற யூதப் பிள்ளைகளைப் போலச் சங்கீதங்களோடு வளர்ந்தவர், அறிந்த வரியை ஒப்புவித்து, அதே மூச்சில் ஆவியையும் ஒப்புவித்தார். இரண்டையும் ஒரே சொல்லில் சொல்ல 1871-இன் தமிழால் முடிந்தது.

‘சரணாகதி’ கையருகே இருக்க, இந்தச் சொல் ஏன் நிலைத்தது? சரணாகதி வைணவத்தின் உயிர்ச்சொல். ஓடிவந்தவன் புகலிடம் சேர்வது அதன் படம். விபீஷணன் அதற்கு உதாரணம். கிறிஸ்தவத் தமிழில் அந்தப் படத்துக்கு ‘அடைக்கலம்’ உண்டு. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவே இருக்கிறாள். அடைக்கலத்துக்கும் இரண்டு முகம்: புகுந்த இடமும் அதுதான், காக்கும்படி கொடுத்த பொருளும் அதுதான். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் விடுவது இந்த இரண்டாம் பொருளில். ஒப்புக்கொடுத்தல் அங்கிருந்து தொடங்குகிறது. தப்பியோடி வந்தவனிடம் கணக்குக் கேட்பதில்லை. ஒப்புக்கொடுக்க வந்தவன் கையில் பட்டியல் இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தின் ‘சரண்டர்’ வேறு வழியாக வந்தது. குத்தகைக்காரர் காலம் முடியுமுன் நிலத்தை உடையவரிடமே திரும்ப விடுவதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் அது பெயர். போர்க்களமும் காவல் நிலையமும் அதன் மேல் தோல்வியின் நிறத்தை ஏற்றின. நம் ஊர் அரசு அலுவலகத்தில் அது ‘சரண் விடுப்பு’ ஆகி, விடுப்பைச் சரண் செய்து ரொக்கம் வாங்கும் இனிய ஏற்பாடாகவும் மாறியது. 1875-இல் இங்கிலாந்தின் கெசிக் ஊரில் தொடங்கிய கன்வென்ஷன் கூட்டங்கள் அந்தச் சொல்லைப் பக்தியின் மையத்துக்குக் கொண்டுவந்தன. கெசிக் ஆதரவில் முதன்முதலாக அனுப்பப்பட்ட மிஷனெரி ஏமி கார்மைக்கேல், 1901-இல் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் குடியேறி, 1951-இல் அங்கேயே இறந்தார். அதே மரபைச் சேர்ந்த பிரான்சிஸ் ஹேவர்கல் 1874-இல் ஒரு பாட்டு எழுதினார். ஆயுள், கை, கால், குரல், உதடு, வெள்ளி, பொன், அறிவு, சித்தம் என்று உருப்படி உருப்படியாக ஒப்புக்கொடுக்கும் பாட்டு. நான்கு ஆண்டு கழித்து, பொன் என்று எழுதியது நினைவில் உறுத்தியதோ என்னவோ, ஐம்பதுக்குச் சற்றே குறைவான தம் நகைகளைப் பெட்டியில் அடுக்கிச் சர்ச் மிஷனெரி சங்கத்துக்கு அனுப்பிவிட்டார். இயேசு சபையை நிறுவிய இக்னேசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் வைத்த மன்றாட்டும் இதே வகை. சுதந்திரம், நினைவு, புத்தி, சித்தம் என்று அதுவும் பட்டியல்தான். ‘எல்லாம் உமக்கே’ என்று ஒரே மூச்சில் சொல்வது எளிது. பட்டியல் போட்டால் எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும்.

‘ஒப்பு’க்கு ஒரு கெட்ட பிள்ளையும் உண்டு. ஒப்புக்கு ஒரு வார்த்தை, ஒப்புக்குச் சப்பாணி என்கிறோமே, அது. ஒப்புக்கொடுப்பதற்கும் ஒப்புக்குக் கொடுப்பதற்கும் இடையில் இருப்பது இரண்டு எழுத்து. அப்போஸ்தலர் நடபடிகள் 5-ஆம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் அந்த இடைவெளியில்தான் விழுந்தார்கள். நிலத்தை விற்றார்கள், ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியை அப்போஸ்தலர் பாதத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். விற்றபின்னும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுருவே சொல்கிறார். பாதி கொடுத்திருந்தாலும் கேட்பாரில்லை. பாதியை முழுசு என்று காட்டியதுதான் குற்றம். மூன்று மணி நேரம் கழித்து வந்த சப்பீராளிடம் பேதுரு விசுவாசத்தைப் பற்றி விசாரிக்கவில்லை, நிலம் இந்த விலைக்குத்தான் போனதா என்று கேட்டார். சரிபார்க்கிறவர் கேட்கும் கேள்வி அது. எருசலேம் தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையிடம் அப்படி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் கையிலிருந்ததும் பெட்டியில் விழுந்ததும் ஒத்துப்போயின.