கதிர்காம வழிநடையும் அடியவர் மூட்டையும்

சரித்திரம் எழுதுவோர் அரசர் படைகளின் பின்னே சென்ற பொதிமாடுகளை எண்ணிக் கணக்கிடுவர். அடியவர் தோளிற் கிடந்த சிறு மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போர் மிகச் சிலர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரைவழியே கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரை ஒன்றரை மாதத்துக்கு மேல் நீள்வது. அத்தனை நாளைக்கும் வேண்டிய உணவை ஒருவர் தாமே கொண்டுபோவதாயின் ஒரு மாட்டுவண்டி வேண்டும். எம் முன்னோரோ ஓர் உமல், ஒரு செம்பு, ஒரு போர்வை என்ற அளவிலே புறப்பட்டனர். இஃது எங்ஙனம் இயன்றது? பக்தியினால் இயன்றது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பக்தியாற் பசி பொறுக்கலாம். ஆனால், ஒன்றரை மாதம் பொறுக்க இயலாது.

புறப்படும் காலத்தை முதலில் நோக்குவோம். கதிர்காமத்திலே ஆடித் திருவிழாவின் கொடியேற்றத்தைக் காணவேண்டுமாயின் இளவேனிற் பருவத்து வைகாசியில் வடக்கை விட்டுப் புறப்படவேண்டும். அப்பொழுது வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மாதங்கள் கடந்திருக்கும். மாரியிற் கடத்தற்கரிய ஆறுகள் வற்றியிருக்கும். களப்பு முகங்கள் பலவற்றை மணற்றிட்டு மூடியிருக்கும். கீழ்மாகாணத்துப் பெரும்போக அறுவடை முடிந்து வீடுகளில் நெல்லும் இருக்கும். ஆகவே மழைக்கு மறைப்பும் குளிருக்குக் கம்பளியும் வேண்டா. கச்சான் காற்றின் வெம்மையும் சுடுமணலுமே துன்பம். அதற்கு வேண்டுவது தண்ணீர். அது கிணறுதோறும் கிடைத்தது.

கிணறு என்றவுடன் வழியோரத்து அறங்களை நினைக்கவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுமைதாங்கி, கேணி, ஆவுரோஞ்சிக்கல், மடம் என்பன தெருவோரங்களில் அமைந்தமையை எம்மவர் அறிவர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது வழக்கம். தலைச்சுமையோடு வருபவன் பிறர் உதவியின்றி அதை இறக்கி வைத்து இளைப்பாறலாம். பருத்தித்துறையிலே தெருவுக்கு மேலாகவே கூரை வேய்ந்து நிற்கும் தெருமூடிமடம் இன்றும் காணத்தக்கது. இவை யாவும் நடப்பவனுடைய பாரத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்ட கட்டிடங்கள். குடாநாட்டைக் கடந்தபின் அவ்வேலையைக் கோயில்கள் செய்தன. வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று ஒவ்வொரு தலமும் ஒரு தங்குமடம். இடையிலுள்ள ஊரார் கஞ்சியும் மோரும் சோறும் கொடுத்தனர். பிச்சையேற்று உண்பதையே நேர்த்தியாகக் கொண்ட அடியவரும் உளர். முஸ்லிம் ஊர்களிலும் நீர் வார்த்து உபசரிப்பர். கதிர்காமத்திலேயே கோயிலுக்கு அருகிற் பள்ளிவாசல் இருக்கையில் இதில் வியப்பொன்றுமில்லை. மூட்டையின் சிறுமை அடியவருடைய வைராக்கியத்துக்குச் சான்று என்பர். வழியோரத்து அடுப்புகளுக்கு அது அதனினும் பெரிய சான்று என்பேன்.

மிஷன் பாடசாலையிற் படித்த என் போன்றோருக்கு யாத்திரிகன் என்றவுடன் ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட கதையே நினைவில் வரும். அதிலே முதுகை அழுத்தும் மூட்டை பாவத்தைக் குறிக்கும். எம் அடியவரின் மூட்டையோ வெறும் அரிசி. அதுவும் இரண்டு வேளைக்கு மேற் காணாது.

உகந்தையிலே இக்கணக்கு மாறிவிடுகிறது. அங்கிருந்து குமுக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, கட்டகாமம் வழியாகக் கதிர்காமம் சேரும் வரை காடே. ஊரில்லை, ஆகவே கொடுப்பாரில்லை. ஐந்தாறு நாளுக்கு வேண்டியதைத் தோளிலேதான் கொண்டுபோகவேண்டும். நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்றாலும் ஆறு நாளுக்கு 3 கிலோ. தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ நிறை. இங்கே ஒருவர் தனித்துப் போவது மடமை. பத்துப் பேர் கூடினால் ஒரு பானை, ஒரு கத்தி, ஒரு கயிறு போதும். குடாநாட்டார்க்குப் புழுக்கொடியலும் பனாட்டும் இருந்தன. அடுப்பு வேண்டாத, நிறை குறைந்த, நாட்பட்டாலும் கெடாத உணவுகள். வறுத்த அரிசிமாவும் பனங்கட்டியும் அவ்வகையினவே. யானையும் கரடியும் திரியும் காட்டிலே அடுப்பு மூட்டாமற் பசியாறுவது சிறு நன்மையன்று.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் கதிர்காம வழிபாடு பற்றி எழுதிய கட்டுரை, றோயல் ஆசியச் சங்க இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் 1924இல் வெளிவந்தது. அவருடைய பாட்டியார், நோயுற்ற தம் மகன் பிழைக்கவேண்டுமென்று நேர்ந்து, 1830களிலே கொழும்பிலிருந்து கதிர்காமத்துக்கு வெறுங்காலுடன் நடந்து சென்று மீண்டார் என்று அதிலே கூறுகிறார். பிழைத்த அம்மகனே பிற்காலத்துச் சேர் முத்துக்குமாரசுவாமி. வசதி படைத்த குடும்பத்துப் பெண்மணி பாதரட்சையையும் சுமையெனக் கருதி விலக்கினார் போலும்.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில அரசாங்கம் வாந்திபேதிக்கு அஞ்சி யாத்திரிகர்மேற் கட்டுப்பாடுகள் விதித்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பஸ் வந்ததும் நடப்போர் குறைந்தனர். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் வடக்கிலிருந்து வரும் வழியை நெடுங்காலம் அடைத்தது. போர் ஓய்ந்தபின் சந்நிதியிலிருந்து வேலேந்திப் புறப்படும் வழக்கம் மீண்டது. கிண்ணியாவிலே தோணியும் பாதையுமாகக் கடந்த நீரை 2009இல் திறந்த பாலத்தின்மேல் இன்று நடந்தே கடக்கிறார்கள்.

இன்று சில கூட்டங்களின் பின்னே வாகனம் ஒன்று பொதிகளை ஏற்றிச் செல்கிறது. முதியோரை முன்னிட்டு இதை நான் குறைகூறேன். ஆனால் இளைஞரும் பொதியை வண்டியில் ஏற்றிவிட்டுக் கைவீசி நடந்தால், படலையில் அரிசியோடு காத்திருக்கும் அம்மாவுக்கு இவர்களிடத்தில் என்ன வேலை? போரில் அனைத்தையும் இழந்து மீளக் குடியேறிய வன்னி ஊர்களிலே கொடுப்பதற்கு இன்றும் கைகள் உள்ளன. பெறுவதற்கு வெறுங்கை வேண்டும்.

வரும் வைகாசியிற் புறப்பட எண்ணும் எம் சங்கத்துத் தம்பிமாருக்கு ஒரு சொல். இரண்டு வேட்டி, ஒரு போர்வை, திருநீற்றுப் பை, ஒரு செம்பு: சந்நிதியில் இவை போதும். காட்டுக்கு வேண்டிய அரிசியைப் பொத்துவிலில் வாங்கலாம். அதை வல்லை வெளியிலிருந்தே சுமப்பானேன்? காட்டுவழி அரசாங்கம் குறிக்கும் நாட்களில் மட்டுமே திறக்கும். நாளை முன்னரே அறிந்துகொள்க. பிளாஸ்ரிக் போத்தல்களை யால வனத்தில் வீசி வருவோர் பெருகிவிட்டனர். செம்பு உடையவருக்கு அவை வேண்டியதில்லை. வற்றிய ஆற்றிலே முழங்கையளவு மணலைத் தோண்டிச் சற்றுப் பொறுத்திருந்தால் ஊற்று நீர் சுரக்கும். கலங்கல் தெளிந்தபின் செம்பினால் முகந்து துணியில் வடித்துக் காய்ச்சிக் குடிக்கலாம்.