‘வாசிக்க முடியவில்லை’ என்று சொல்லும் டிவிடி: உள்ளே இருப்பதை மீட்பது எப்படி?

எங்கள் வீட்டில் அக்காவின் கலியாண டிவிடி ஒன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டு எடுத்தது. 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட மாமா அதில் பந்தல் வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிறார். அவர் நடப்பதையும் கதைப்பதையும் பார்க்கக்கூடிய வேறு பதிவு எங்களிடம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் அதைக் கணினியில் கொப்பி எடுக்க முயன்றபோது, ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்ற பிழைச் செய்தியுடன் பாதியில் நின்றுவிட்டது. மூன்று தடவை முயன்றோம். மூன்று தடவையும் அதே இடத்தில்தான் நின்றது.

இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் புகைப்பட அல்பங்களை விட்டுவிட்டே வந்தன. ஒரு பைக்குள் தப்பி வந்த இறுவட்டும், வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பிய கொப்பியுமே பலரிடம் மிஞ்சியிருக்கின்றன. ‘பழுதாகிவிட்டது’ என்று அவற்றை ஒதுக்குவதற்கு முன்னர் அறிந்திருக்க வேண்டியவை இவை.

ஏன் பாதியில் நிற்கிறது?

வீட்டிலோ ஸ்டூடியோவிலோ எழுதப்பட்ட டிவிடியில் தரவு ஒரு சாயப் படலத்தில் பதிவாகியிருக்கும். வெப்பம், ஈரம், வெயில் காரணமாக அந்தச் சாயம் காலப்போக்கில் கெடும். கடையில் விற்கும் திரைப்பட டிவிடிகள் அச்சில் அழுத்திச் செய்யப்படுபவை. அவற்றுக்கு இந்தச் சாயப் பிரச்சினை இல்லை.

கணினி ஒரு கோப்பைக் கொப்பி செய்யும்போது ஓர் இடத்தை வாசிக்க முடியாவிட்டால், பொதுவாக அந்தக் கோப்பு முழுவதையும் கைவிட்டுவிடும். டிவிடி வீடியோவில் ஒரு விஓபி கோப்பு 1 ஜிபி வரை இருக்கும். ஆனால் டிவிடியில் பிழை திருத்தும் ஒரு தொகுதியின் அளவு 32 கேபி மட்டுமே. விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோவில் அது விநாடியின் இருபதில் ஒரு பங்கு. ஒரு படத்தை வைத்தே அடுத்தடுத்த படங்கள் கட்டப்படுவதால், திரையில் ஏறக்குறைய அரை விநாடி குழம்பித் தெரியலாம். அந்த அரை விநாடிக்காக முழுக் கோப்பையும் இழக்க வேண்டியதில்லை.

முதலில் இறுவட்டைப் பாருங்கள்

நடுத் துளையில் இருந்து வெடிப்பு ஓடியிருந்தால் ட்ரைவில் போடாதீர்கள். வேகமாகச் சுழலும்போது அது உடைந்து சிதறக்கூடும். மேலே ஒட்டிய லேபிளை உரிக்க வேண்டாம்.

டிவிடி என்பது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு தட்டுகள் ஒட்டப்பட்டது. தரவு அவற்றின் நடுவில் இருக்கிறது. அடிப்பக்கக் கீறல் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். சேறோ மணலோ படிந்திருந்தால் முதலில் ஓடும் தண்ணீரில் அலசுங்கள். பிறகு இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டுக் கழுவி, மென்மையான பருத்தித் துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நிழலில் உலர விடுங்கள். பற்பசை, பெற்றோல், தின்னர் எதுவும் வேண்டாம்.

வேறு ட்ரைவில் போடுங்கள்

ஒரு ட்ரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிப்பது சாதாரணம். டிவிடி எழுதக்கூடிய ட்ரைவ்கள் இரண்டு மூன்றிலாவது முயலுங்கள். இறுவட்டு வெறுமையாகத் தெரிந்து, எழுதவோ ஃபோர்மட் செய்யவோ கணினி கேட்டால் ‘வேண்டாம்’ என்று மூடிவிடுங்கள். பதிவு முடிக்கப்படாத இறுவட்டும் அப்படித் தெரியலாம். ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் அதைத் திறந்து பார்க்கலாம்.

கோப்பாக அல்ல, முழு இறுவட்டாக எடுங்கள்

முக்கியமான படி இதுதான். முழு இறுவட்டையும் ஒரே ஐஎஸ்ஓ பிரதியாக எடுக்க வேண்டும். லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ இதற்கென்றே உருவானது. உபுண்டுவை பென்ட்ரைவில் போட்டுக் கணினியை இயக்கினால் போதும். விண்டோஸை அழிக்கத் தேவையில்லை. வாசிக்கும் அலகை 2048 பைட் என்று கொடுங்கள்.

இந்த மென்பொருள் முதலில் நல்ல இடங்களை எடுத்துவிட்டு, பிறகுதான் பழுதான இடங்களுக்குத் திரும்புகிறது. எதை எடுத்தது, எது மிச்சம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு இறுவட்டை வேறு ட்ரைவுக்கு மாற்றினால், மிச்சமுள்ள இடங்களை மட்டும் அது தேடும். ஒரே பதிவில் இருந்து எழுதப்பட்ட இன்னொரு கொப்பி கனடாவிலோ பிரான்ஸிலோ உறவினரிடம் இருந்தால், அதைக் கொண்டும் இடைவெளிகளை நிரப்பலாம். இரண்டும் ஒரே இடத்தில் பழுதாகியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் இரண்டின் உள்ளடக்கமும் அச்சொட்டாக ஒன்றாக இருக்க வேண்டும்.

கிடைத்த ஐஎஸ்ஓவை விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள். எங்கள் டிவிடி இரண்டாவது ட்ரைவில் ஏறக்குறைய முழுவதும் வந்தது. மாமா வரும் இடத்தில் ஒரு கணம் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. குரல் கேட்கிறது.

கடையில் கொடுப்பதானால்

‘கொப்பி அடித்துத் தாருங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘முதலில் ஐஎஸ்ஓ எடுங்கள், பொலிஷ் பண்ண வேண்டாம்’ என்று சொல்லுங்கள். வேலை முடியும்வரை பக்கத்தில் இருக்க முடிந்தால் நல்லது. அந்தப் பதிவில் இருப்பவர்களின் முகங்கள் யாருடைய கணினியிலும் தங்கிவிடக் கூடாது; கடைக் கணினியில் இருக்கும் பிரதியை உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

மீட்ட பிறகு

ஐஎஸ்ஓவை வன்தட்டு ஒன்றிலும் பென்ட்ரைவ் ஒன்றிலும் வையுங்கள். மூன்றாவது பிரதி வேறு ஊரில், நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் பார்க்க ஹேண்ட்பிரேக் மூலம் எம்பி4 ஆக மாற்றலாம். மூல இறுவட்டை எறியாதீர்கள். உறைக்குள் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இன்று வாசிக்க மறுக்கும் இடத்தை நாளை வேறொரு ட்ரைவ் வாசிக்கலாம். ஆனால் சாயம் கெடுவது நிற்காது. ஆகவே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இறுவட்டுகளையும் இப்போதே பிரதி எடுத்துவிடுங்கள்.