மணல்மேல் வாழும் மக்களும் பாறைமேல் எழுந்த வீடும்

மலைப்பொழிவின் நிறைவில் ஆண்டவர் இயேசு கூறிய இரு வீடுகளின் உவமையை (மத்தேயு 7:24-27) நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். பாறைமேல் கட்டியவன் அறிவாளி. மணல்மேல் கட்டியவன் அறிவிலி. ஆனால் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இந்த நற்செய்தியைச் செவிமடுக்கும் மீனவக் குடும்பத்தின் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பே. பாறைக்கு நாம் எங்கே போவோம்? தோண்டினால் மணல், இன்னும் தோண்டினால் உப்புநீர். கடலை நம்பிப் பிழைப்பவர் கடலை விட்டு விலகி வாழ முடியுமா? அப்படியானால் இக்கரையில் வீடு கட்டிய நம் முன்னோர் அனைவரும் அறிவிலிகளா? இக்கரையின் வரலாறே இதற்கு விடை சொல்லட்டும்.

கருங்கல் அரிதான இக்கரையில் நம் முன்னோர்க்குக் கைகொடுத்தது கடலில் கிடைத்த முருகைக்கல். எளிதாகச் செதுக்கத் தகுந்தது, சுட்டால் சுண்ணாம்பாகும். அதனால் எழுப்பிய சுவர்களில் இரும்பு இல்லாமையால் துருவுக்கும் இடமில்லை. தனுஷ்கோடி ஆலயம் இத்தகைய கற்களால் கட்டப்பட்டதே. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயலும் கடலும் சேர்ந்து அவ்வூரை அழித்தன. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயிலும் அதிலிருந்தோர் அனைவரும் அலைக்கு இரையாயினர். அதன்பின் அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது. கூரை இழந்த ஆலயச் சுவர்களோ இன்றும் நிற்கின்றன. சுவர் நின்றது, ஊர் நிற்கவில்லை. ஒரு கட்டடத்தின் உறுதி மட்டும் ஓர் ஊரைக் காப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இங்கே கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. கடலுக்குள் இருக்கும் பவளத்திட்டுகளே அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பவை. கட்டடத்துக்காகவும் சுண்ணாம்புக்காகவும் அவற்றை ஆண்டாண்டாய்ப் பெயர்த்தெடுத்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளம் வெட்டியெடுத்ததும் கடல்மட்டம் உயர்ந்ததும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 1986இல் இத்தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்குள் வந்தன. வீட்டுக்கு அடித்தளம் தேடியவர்கள் கரையின் அடித்தளத்தையே பெயர்த்துவிட்டோம் என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்து, பாம்பன் பாலம். 1914இல் திறக்கப்பட்ட அந்த இரயில் பாலத்தின் இரும்பு உத்திரங்களுள் 126-ஐ 1964ஆம் ஆண்டுப் புயல் கடலில் தள்ளியது. ஆயினும் கப்பலுக்கு வழிவிடும் நடுப்பகுதி தப்பியது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் பாலம் மீண்டும் எழுந்தது. மேலே இருந்தவை விழுந்தாலும் கீழே இருந்தவை நிலைத்ததால்தான் இவ்வளவு விரைவில் எழ முடிந்தது. ஆனால் புயல் ஓரிரவில் செய்ய இயலாததை உப்பு நூறாண்டில் செய்தது. துருவின் காரணமாக 2022 டிசம்பரில் அப்பாலத்தில் இரயில்கள் நின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலம், கடலடியில் ஆழமாக இறக்கிய 300-க்கும் மேற்பட்ட பைல்களின்மேல் நிற்கிறது. அதன் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இடப்பட்டுள்ளன.

பாலம் கற்பிக்கும் பாடம் சிறு வீட்டுக்கும் பொருந்தும். மணல் என்பது வலுவற்றதன்று; நகரவிடாமல் இறுக்கினால் அது பெருஞ்சுமையையும் தாங்கும். ஓடும் நீர் அதை அரித்துச் செல்வதே ஆபத்து. ஆகவே, அரிப்பு எட்டாத ஆழம்வரை வானம் தோண்ட வேண்டும். மற்றொரு பகை உப்பு. உப்புநீரிலோ கழுவாத கடல்மணலிலோ குழைத்த கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அடித்தளக் கம்பியைச் சுற்றிலும் குறைந்தது 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்வது இதற்காகவே.

இந்த விதிகளைக் கொத்தனார்கள் அறியாதவர்கள் அல்லர். நல்ல தண்ணீரை விலைகொடுத்து வாங்கும் ஊர்களில், குழியில் ஊறும் உப்புநீரையே கலவைக்கு ஊற்றிவிடும் சோதனை பெரிது. மண்ணுக்குள் மறையப்போவதை யார் பார்க்கப்போகிறார்கள்? முகப்புக்கு வண்ணம் பூசக் கடன் வாங்கும் நாம், கடைக்காலுக்கு ஒரு மூட்டை சிமெண்டைக் குறைக்கிறோம். அந்த விரிசலைப் பத்தாண்டு கழித்துச் சுமப்பவர்கள் நம் பிள்ளைகளே.

இப்போது உவமைக்குத் திரும்புவோம். வெயில் காயும் நாளில் இரு வீடுகளும் ஒன்றுபோலவே தோன்றியிருக்கும். லூக்காவோ ஒரு சொல்லைக் கூடுதலாகத் தருகிறார்: அந்த மனிதர் ஆழமாகத் தோண்டினார் (6:48). வேறுபாடு மனையில் மட்டும் இல்லை, உழைப்பிலும் இருக்கிறது. ஆகவே மணல்மேல் வாழும் ஏழையை இந்த உவமை பழிக்கவில்லை; எவரும் காணாத இடத்திலும் நேர்மையாக உழைக்குமாறு அவரையும் நம்மையும் அழைக்கிறது.

நம் விசுவாசத்தின் கடைக்காலும் இக்கரையில் அவ்வாறே இடப்பட்டது. 1549இல் வேதாளையில் உயிர்நீத்த அந்தோணி கிரிமினாலி, இயேசு சபையின் முதல் மறைசாட்சி. 1693இல் ஓரியூரில் புனித அருளானந்தரின் இரத்தம் மணலில் சிந்தியது. 1947இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியபோதுதான் உலகம் அந்த மணலைத் திரும்பிப் பார்த்தது.

புதுவீட்டுக்கு அடிக்கல் நாட்டும் நாளில் பங்குத்தந்தையை அழைத்துத் தீர்த்தம் தெளிக்கிறோம். நல்ல வழக்கம், அது தொடரட்டும். அத்துடன், கலவைக்கு ஊற்றும் தண்ணீர் நல்ல தண்ணீர்தானா என்று கேட்போம். வாங்க வசதியற்ற அண்டை வீட்டாருக்கு ஒரு வண்டித் தண்ணீரை அன்பியத்தார் சேர்ந்து வாங்கிக் கொடுப்போம். அதுவும் செபமே.