காயல் நீரோட்டமும் சாய ஆய்வும்

நீரில் சாயம் கரைத்து அதன் போக்கைத் தொடரும் முறை முதலில் நிலத்தடி நீரியலில்தான் பேர்பெற்றது. 1877இல், டான்யூப் ஆற்றின் நீர் நிலத்துக்குள் புகுந்து மறையும் இடத்தில் புளோரசின் சாயத்தைக் கரைத்தார்கள். சுமார் 12 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஆக் ஊற்று இரண்டரை நாளில் பச்சையாகப் பொங்கியது. அங்கே எழுந்த கேள்வி, நீர் எங்கே போகிறது என்பது. காயலுக்கான கேள்வி வேறு: போன நீர் திரும்பி வருகிறதா? சாய ஆய்வின் முதற்பயன் இந்தக் கேள்விக்கு விடை தருவதே.

10 சதுர கிலோமீட்டர் பரப்பும் சராசரி 1 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு காயலை வைத்துக்கொள்வோம். ஓதத்தால் நீர்மட்டம் 20 சென்டிமீட்டர் ஏறி இறங்கினால், ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு நீர் முகத்துவாரத்தைக் கடக்கிறது. ஓர் ஏற்றமும் வற்றமும் சேர்ந்து 12 மணி 25 நிமிடம். ஆகவே காயல் நீர் புதிதாக இரண்டரை நாள் போதும் என்று காகிதக் கணக்கு சொல்லும். வெளியேறிய நீர் கடலோடு போய்விடும், வந்த நீர் மூலைமுடுக்கெல்லாம் பரவும் என்ற இரு நம்பிக்கைகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. சாயம் சோதிப்பது இவற்றைத்தான். வற்றத்தில் வெளியேறும் நீரில் நூறு கோடிக்கு 2 பங்கு சாயமும், அடுத்த ஏற்றத்தில் உள்ளே வரும் நீரில் 1 பங்கும் இருந்தால், வந்ததில் பாதி பழைய நீரே. இரண்டரை நாள் ஐந்து நாளாகிவிடுகிறது. ஓட்டம் எட்டாத மூலைகளில் இன்னும் கூடும்.

சாயத்தின் ஒளிர்வை அளக்கும் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பினால் இந்த விடையும் பிழையாகும். பெரும்பாலும் பயன்படும் ரோடமின் டபிள்யூடி சாயம் 20 சதவீதக் கரைசலாகக் கிடைக்கிறது. அது கடல்நீரைவிடக் கனமானது. நீர்க்காமல் ஊற்றினால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நீரின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் இதன் ஒளிர்வு ஏறத்தாழ 2.6 சதவீதம் குறைகிறது. காலையில் 26 டிகிரியாக இருந்த ஆழமற்ற நீர் பகலில் 31 ஆனால், சாயம் ஒரு துளியும் வெளியேறாமலே 12 சதவீதம் போய்விட்டதுபோலத் தோன்றும். சேறு கொஞ்சத்தை ஒட்டிவைத்துக்கொள்ளும். புளோரசினோ வெயிலில் சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். திறந்த காயலில் பல நாள் ஆய்வுக்கு அது உதவாது.

கணினி மாதிரியும் மிதவைகளும் இருக்கையில் சாயம் எதற்கு என்று கேட்கலாம். மிதவை மேல்நீரோடும் காற்றோடும் போகிறது, கலப்பைக் காட்டாது. மாதிரியில் கலப்பின் அளவை நாமே கொடுக்கிறோம். அது சரியா என்று பார்க்க வெளியிலிருந்து ஓர் அளவீடு வேண்டும். உப்பே இயற்கைச் சாயம் என்பதும் பாதி உண்மைதான். மழைக்காலத்தில் அது உதவும். காயலும் கடலும் ஒரே உவர்ப்பில் இருக்கும் நாட்களில் எதையும் சொல்லாது.

நஞ்சு பற்றிய அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது ரோடமின் பி சாயத்தால். ரோடமின் டபிள்யூடி அதே குடும்பம். ஆனால் நீராய்வுக்கென உருவான வேறு சேர்மம். அளவும் முக்கியம்: மேலே சொன்ன காயல் முழுதும் 1 கிலோ சாயம் சீராகக் கலந்தால் நூறு கோடிக்கு 0.1 பங்குதான். கண்ணுக்குத் தெரியாது, கலங்கல் இல்லாத நீரில் கருவிக்குத் தெரியும். ஆயினும் கரைக்கும் இடத்தில் செறிவு மிகுதி என்பதால் இறால் பண்ணை வாய்க்கால் அருகில் கரைக்கக் கூடாது. மீனவர்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வலுவான மறுப்பு, ஓர் ஆய்வு சில நாட்களின் படம் மட்டுமே என்பது. இது சரியே. பழவேற்காட்டுக் காயலில் மணல் மேடிட்டு முகத்துவாரம் சுருங்குவதும், வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் தள்ளுவதும் காயலையே வேறாக்கிவிடுகின்றன. அத்தகைய இடத்தில் கோடையில் ஒன்றும் மழைக்குப்பின் ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு ஆய்வுகள் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து முகத்துவாரத்தைத் தூர்வாரத் திட்டமிடுவது தவறு.