லீட்ஸ் தானியச் சந்தை மாளிகை

லீட்ஸ் தானியச் சந்தை மாளிகை, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள லீட்ஸில் தானிய வணிகத்துக்காகக் கட்டப்பட்ட விக்டோரியா காலக் கட்டடம். முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது. லீட்ஸ் நகர மன்றக் கட்டடத்தையும் வடிவமைத்த கத்பர்ட் பிராட்ரிக் இதன் கட்டடக் கலைஞர். 1861இல் பணி தொடங்கி 1863இல் திறக்கப்பட்டது.

தரைத்திட்டம் நீள்வட்டம். வைர முகம்போல் செதுக்கிய கற்கள் புறச்சுவர் முழுவதையும் போர்த்துகின்றன. உள்ளே தூண் குறுக்கிடாத ஒரே கூடம். சுற்றிலும் இரு தளங்களில் வணிகர்களின் அறைகள். மேலே இரும்புச் சட்டங்கள் தாங்கும் குவிமாடம். பாரிஸின் பழைய தானியச் சந்தைக் குவிமாடத்தின் தாக்கம் இதில் தெரிகிறது.

கூரையின் வடபுறக் கண்ணாடிப் பரப்பே வடிவமைப்பின் உயிர்நாடி. தானியத்தின் நிறத்தையும் தரத்தையும் வணிகர்கள் கண்ணால் பார்த்தே விலை பேசினர். நேர்வெயில் படாத, சீரான வடதிசை ஒளி அதற்கு இன்றியமையாதது. பயன்பாடே அழகாக உருப்பெற்ற அரிய கட்டடம் இது. தானிய வணிகம் மங்கியபின், 1990 வாக்கில் புதுப்பிக்கப்பட்டுக் கடைகளின் வளாகமாயிற்று.