ஆசிரியர் கற்ற கருவிகள்

வைகையின் வடகரையில், மதுரை மாநகரோடு ஒட்டி நிற்கும் ஊர் செல்லூர். நான் சிறுவனாக இருந்த நாளில் இங்கே தெருவுக்குத் தெரு கைத்தறியின் ஓசை கேட்கும். இன்று அவ்வோசை மிகவும் அருகிவிட்டது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், மாலை நேரங்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பது வழக்கம். பக்கத்துத் தெருவிலுள்ள நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி அவ்வப்போது வந்து பேசிக்கொண்டிருப்பாள். ஆசிரியப் பயிற்சி பெற்றுவருபவள் அவள். ஒருநாள் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

“ஐயா, பின்னம் கற்பிப்பது பற்றி நேற்றிரவு இணையத்தில் ஒரு பயிற்சியை முடித்தேன். சான்றிதழும் வந்துவிட்டது. இன்று காலை வகுப்பில் ஒரு பையன், ‘அரையைவிடக் கால்தான் பெரியது, இரண்டைவிட நான்கு பெரியதல்லவா?’ என்றான். திரையில் பேசியவர் இப்படி ஒரு கேள்வி வரும் என்றே சொல்லவில்லை. அவரிடம் திரும்பக் கேட்கவும் வழியில்லை. தாங்கள் பயிற்சி பெற்ற காலத்தில் யாரிடம் கேட்டீர்கள்?”

அக்கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஆசிரியர் கையில் புதிய கருவிகள் வந்து சேர்ந்த வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தேன். அவ்வரலாற்றின் ஒரு பகுதி நம் தமிழ்நாட்டு மணலில் தொடங்குகிறது என்பதைப் பலர் அறியார்.

ஆண்ட்ரூ பெல் என்பவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார். 1787-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த அவர், 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென நடந்த விடுதிப் பள்ளியின் மேற்பார்வையாளரானார். பிள்ளைகளுக்கு எழுத்து எளிதில் வரவில்லை. ஒருநாள் காலை அவர் குதிரையேறிச் செல்லும்போது, வழியில் ‘மலபார்’ பள்ளி ஒன்றைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரியர் என்றே குறித்தனர். ஆகவே அது நம் திண்ணைப் பள்ளியே. அங்கே பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் உடனே பள்ளிக்குத் திரும்பினார். கீழ்வகுப்பில் அவ்வாறே மணலில் எழுதக் கற்பிக்குமாறு உதவி ஆசிரியர்களிடம் கூறினார்.

அவர்கள் மறுத்துவிட்டார்கள். அது நடவாத காரியம் என்றார்கள். பெல் வாதாடிப் பார்த்து அலுத்து, இறுதியில் ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணப் படைவீரனின் மகன். உதவி ஆசிரியர்கள் இயலாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான். பிறகு மூத்த பிள்ளைகள் இளையோருக்குக் கற்பிப்பதே அப்பள்ளியின் முறையாயிற்று. பெல் 1796-இல் தாயகம் திரும்பி, அடுத்த ஆண்டு லண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்னும் பள்ளி இன்றும் இருக்கிறது.

மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். சென்னை மாகாணக் கவர்னர் தாமஸ் மன்றோ எடுப்பித்த கணக்கின்படி, 1826-இல் இம்மாகாணத்தின் 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்னலாம். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை திண்ணையிலும் மரத்தடியிலும் நடந்தவை. பெல்லின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் பெருமக்களோடு அடக்கம் செய்யப்பட்டது. அவர் குதிரையை நிறுத்திப் பார்த்த பள்ளியின் ஆசிரியர் யாரோ, எவ்வூரினரோ! அவர் பெயரை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

இங்கிலாந்தில் சென்னை முறை பெற்ற வரவேற்புக்குக் காரணம் அதன் அறிவுச் சிறப்பு மட்டுமன்று. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம் என்ற சிக்கனமே பலரை ஈர்த்தது. ஒரு கருவியோ முறையோ புதிதாக வரும்போதெல்லாம், ‘இனி ஆசிரியர் எத்தனை பேர் போதும்?’ என்ற கேள்வி உடன்வருவதை இருநூறு ஆண்டுகளாகக் காண்கிறோம்.

ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1856-இல் சென்னையில் அரசினர் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அதுவே வளர்ந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. கரும்பலகை, நிலப்படம், பாடக்குறிப்பு ஆகியன வழக்கமாயின. 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. பள்ளி ஒலிபரப்புகளும் நாளடைவில் வந்தன. வானொலியில் பேசிக்கொண்டே வானொலியைக் குறை கூறுவது முறையன்று. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். வானொலி பேசும், கேட்போர் உடனே மறுமொழி கூற இயலாது. இப்போது என் பேச்சில் பிழையிருந்தால் நேயர்கள் என்னைத் தடுத்துக் கேட்க முடியுமா?

நான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தது 1976-இல். அதற்கு முந்தைய ஆகஸ்டு முதல் நாளில் தொடங்கி, ஓராண்டுக் காலம் நடந்த துணைக்கோள் தொலைக்காட்சிச் சோதனையைப் பற்றி எங்கள் விரிவுரையாளர் வியந்து வியந்து பேசுவார். அமெரிக்கத் துணைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. அச்சோதனையில் என் மனத்தைக் கவர்ந்தது ஆசிரியர்களுக்கு நடந்த அறிவியல் பயிற்சிதான். ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அதில் பயின்றனர். படத்தைக் காட்டியதோடு நிறுத்தவில்லை. அச்சிட்ட கையேடு கொடுத்தார்கள், வானொலியையும் சேர்த்துக்கொண்டார்கள், கண்டதை ஆசிரியர் தம் கையாலேயே எளிய பொருள்களைக் கொண்டு செய்து பார்க்கவும் வைத்தார்கள்.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்த நான் என்ன செய்தேன்? என் குற்றத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. நான் தலைமையாசிரியரான பின் எங்கள் பள்ளிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. அதனை இருப்புப் பதிவேட்டில் ஏற்றினேன், துணி போர்த்தினேன், அறையைப் பூட்டிச் சாவியை மேசைக்குள் வைத்தேன். பழுதானால் யார் பதில் சொல்வது, தணிக்கையாளரிடம் எதைக் காட்டுவது என்பவையே என் கவலை. இளம் ஆசிரியை ஒருவர் இரண்டு முறை சாவி கேட்டார். பிறகு பார்க்கலாம் என்றேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. எழும்பூர்ப் பள்ளியின் உதவி ஆசிரியர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சாவி என் நினைவுக்கு வரும்.

என் பணிக்காலத்தில் நான் கண்ட மாற்றங்களுள் ஆழமானது, மின்சாரமே தேவைப்படாத ஒன்றாகும். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவியது. ஆந்திரத்து ரிஷிவேலிக்குச் சென்று பார்த்த ஆசிரியர்கள் திரும்பிவந்து, கற்றல் அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அமைந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். பெல் மீண்டும் குதிரையில் வந்திருந்தால் நின்று பார்த்திருப்பார்! அட்டைகளை நிரப்புவதே கல்வியாகிவிட்ட பள்ளிகளும் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மற்றவை விரைந்து வந்தன. 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் கல்விக்கென்றே ‘எடுசாட்’ துணைக்கோள் ஏவப்பட்டது. அதன் வழியே, உரிய கருவி பெற்ற மையங்களிலிருந்து ஆசிரியர் திரும்பக் கேள்வி கேட்கவும் முடிந்தது. 2017-இல் ‘தீக்ஷா’ தளமும், 2018-இல் நம் புதிய பாடநூல்களில் கைப்பேசியால் படிக்கத்தக்க குறியீட்டுக் கட்டங்களும், 2019-இல் கல்வித் தொலைக்காட்சியும் வந்தன. 2020-இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது, ஆசிரியர் பயிற்சியும் இணையத்திற்கு மாறியது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். எங்கள் தெருவில் பல வீடுகளின் நிலைமை இதுவாகவே இருந்தது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. ஏறத்தாழ 2,00,000 தன்னார்வலர்கள் இணையவழியே பெயர் பதிந்துகொண்டு, தத்தம் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கற்பித்தார்கள். நான் முதலில் சொன்ன பெண்ணும் அவர்களுள் ஒருத்தி. கற்பிக்கத் தொடங்கிய பிறகே ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வந்தது.

அவள் கேள்விக்கு வருகிறேன். நான் யாரிடம் கேட்டேன் என்றால், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாதபோது கேள்வியை விட்டுவிட்டேன். இதை அவளிடம் உள்ளபடியே சொன்னேன். பின்பு, “உன் வீட்டில் நூல் இருக்கிறதே அம்மா, அதைக் கொண்டு முயன்று பார்” என்றேன்.

மறுநாள் அவள் ஒரே நீளமுள்ள இரண்டு நூல்களை எடுத்தாள். ஒன்றை இரண்டாகவும் மற்றொன்றை நான்காகவும் மடித்து அப்பையனிடம் கொடுத்தாள். அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கால்தான் சிறியது என்று தானே கூறினான். அதனைக் கைப்பேசியில் படம் பிடித்து, உடன் பயில்வோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். பாராட்டுகள் வந்தன. அவற்றுக்கிடையே, அவள் நேரில் கண்டிராத ஓர் ஆசிரியை தம் அனுபவத்திலிருந்து ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “இரண்டு நூலும் ஒரே நீளம். நீளமான நூலில் காலும் குட்டையான நூலில் அரையும் எடுத்துக் கொடுத்தால், எது பெரியது என்று அவன் என்ன சொல்வான்?”

அன்று மாலை அவள் திண்ணையில் அமரவில்லை. வாசலில் நின்றபடியே எனக்கு அக்கேள்வியைப் படித்துக் காட்டினாள். நீளம் வேறுபட்ட இரண்டு நூல்களை வெட்டி எடுத்துவர வேண்டும் என்று வீட்டுக்கு விரைந்துவிட்டாள்.