சிவப்புக் கோட்டுக்கு ஒரு காவல்காரன்: ரெவ் லிமிட்டர் வந்த கதை

"லிமிட்டர்தான் இருக்கே மச்சி, எஞ்சினுக்கு என்ன ஆகப்போகுது?"

வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கி, சைலன்சரைப் பட்பட்டென்று வெடிக்க விடுபவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம் இது. வண்டி அப்பா காசில் வாங்கியது. எஞ்சினைப் பிரித்துக் கட்டவேண்டி வந்தால் அந்தச் செலவும் அவர் தலையில்தான். அதனால் இந்த வசனம் எவ்வளவு தூரம் உண்மை என்று தேடிப் பார்த்தேன். படிப்பது பி.காம்., ஆகவே மெக்கானிக்கல் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும் :-) ஆனால் படிக்கப் படிக்க இதில் எஞ்சினியரிங் பாதிதான், மீதிப் பாதி வியாபாரமும் சட்டதிட்டமும் என்று தெரிந்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 10,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் எஞ்சினில் பிஸ்டன் நிமிடத்துக்கு 20,000 தடவை, அதாவது நொடிக்கு 333 தடவை, ஒரு முனையில் நின்று திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்து இழுத்துத் திருப்புவது கனெக்டிங் ராடு. இந்த இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 10,000-த்தை 12,000 ஆக்கினால் வேகம் 20 சதவீதம்தான் கூடும், ராடு தாங்கவேண்டிய சுமையோ 44 சதவீதம் கூடிவிடும். இன்னொரு பக்கம் வால்வு. அதைத் தள்ளித் திறப்பது கேம், திருப்பி மூடுவது ஒரு ஸ்பிரிங். வேகம் எல்லை மீறினால் ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. வால்வு மூடிக்கொள்வதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும். இரண்டும் முட்டிக்கொண்டால் ஹெட்டைக் கழற்றி, வளைந்த வால்வை எடுத்துக் கையில் கொடுப்பார் மெக்கானிக்.

சுழலும் எந்திரத்தைக் கட்டுப்படுத்துவது பழைய யோசனைதான். ஜேம்ஸ் வாட் 1788-லேயே தன் நீராவி எந்திரத்தில் இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுற்றவிட்டார். வேகம் கூடினால் குண்டுகள் விலகி மேலே எழும்பும், நீராவி வரும் வழி குறுகும். (அதுவும் அவர் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல, காற்றாலைகளில் இருந்ததை எடுத்துக்கொண்டார்.) ஆனால் வாட்டின் கவர்னர் வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பதற்கு. ரெவ் லிமிட்டரின் வேலை வேறு. அது கடைசி எல்லை வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, எல்லையில் மட்டும் கையை நீட்டித் தடுக்கும்.

மோட்டார் சைக்கிளில் ரொம்ப காலம் அந்த வேலையைப் பார்த்தது ஓட்டுபவரின் காதும் கையும்தான். பழைய பந்தய டேக்கோமீட்டர்கள் சிலவற்றில் இரண்டாவதாக ஒரு முள் இருக்கும். எஞ்சின் எட்டிய உச்ச வேகத்திலேயே அது நின்றுவிடும், திரும்பி வராது. பந்தயம் முடிந்து வந்து "நான் ஓவராக முறுக்கவே இல்லை" என்று யாரும் கதை விட முடியாது. இந்த முள்ளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு வேலை இருக்கிறது.

இத்தாலியில் டுகாட்டி கம்பெனியின் ஃபாபியோ தாலியோனி வேறு வழியில் போனார். ஸ்பிரிங்தானே பிரச்சினை? ஸ்பிரிங்கை நம்பாமல், திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம் என்று வைத்தார். டெஸ்மோட்ரோமிக் என்று பெயர். அந்த 125 சி.சி. வண்டி 1956-ல் ஸ்வீடன் கிராண்ட் பிரியில் முதல் முறை இறங்கியபோதே ஜெயித்தது. ஓட்டியவர் ஜான்னி டெக்லி அந்தோனி. பந்தய அவசரத்தில் கியரைத் தப்பாகப் போட்டு எஞ்சின் எகிறினாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது என்பது இந்த அமைப்பின் பெரிய லாபம். அதாவது லிமிட்டர் இல்லாத காலத்தில், எல்லையையே கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டார் தாலியோனி. ஹோண்டா ஸ்பிரிங்கை விடவில்லை, ஆனால் எல்லாவற்றையும் சின்னதாக்கியது. 250 சி.சி.க்குள் 6 சிலிண்டர், 24 வால்வுகள்! ஆர்.சி.166 என்ற அந்த வண்டி 18,000 ஆர்.பி.எம். வரை சுற்றியது. மைக் ஹெயில்வுட் அந்த ஆறு சிலிண்டர் ஹோண்டாவில் 1966, 1967 இரண்டு வருடமும் உலக சாம்பியன். அங்கேயும் காவல் அவருடைய மணிக்கட்டு மட்டும்தான்.

தெருவில் ஓடிய சாதா வண்டிகளுக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை. பிளாட்டினம் பாயிண்ட் வேகம் கூடக்கூட ஒழுங்காக மூடாமல் துள்ளும், ஸ்பார்க் தடுமாறும். கார்புரேட்டர் வழியே போதுமான காற்றும் போகாது. எஞ்சின் தானாகவே மூச்சு வாங்கி நின்றுவிடும். இதை ஏழைகளின் லிமிட்டர் என்று சொல்லலாம். (ஆர்.எக்ஸ்.100 ரசிகர்களுக்கு: உங்கள் டூ-ஸ்ட்ரோக்கில் இந்த மாதிரி வால்வே கிடையாது, அதனால் வளையவும் வளையாது. அங்கே பயம் வேறு. ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போவதால், வேகமாகச் சுற்றும்போது ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டே நெடுந்தூரம் இறக்கத்தில் போனால் பிஸ்டனுக்கு எண்ணெய்ப் பசை குறைந்துவிடும்.)

கார்களில் இதே காலத்தில் ஒரு அழகான குட்டிச் சாதனம் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டாரில் ஸ்பிரிங் கட்டிய ஒரு எடையை வைத்தார்கள். வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எடை வெளியே நகர்ந்து, பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரத்தை எர்த் செய்துவிடும். போர்ஷே 911-ல்கூட இருந்தது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது என்பதால் அது இந்தப் பக்கம் வரவில்லை.

மோட்டார் சைக்கிளுக்கு வழி திறந்தது எலக்ட்ரானிக் இக்னிஷன். 1969-ல் வந்த கவாசாகி எச்1-ல் சி.டி.ஐ. இருந்தது. பாயிண்ட் போய், மேக்னட் பக்கத்தில் ஒரு பிக்கப் காயில் வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒரு துடிப்பு அனுப்பும். துடிப்பு வருகிறது என்றால் எண்ணலாம், எண்ண முடிந்தால் நிறுத்தவும் செய்யலாம். இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் இவ்வளவுக்குக் கீழே போனால் ஸ்பார்க்கைக் கொடுக்காதே, அவ்வளவுதான் லிமிட்டர். எலக்ட்ரானிக் பெட்ரோல் இஞ்ஜெக்‌ஷன் வந்ததும் (பி.எம்.டபிள்யூ. கே100, 1983-லேயே அப்படித்தான் வந்தது) ஸ்பார்க்குக்குப் பதில் பெட்ரோலையே நிறுத்த முடிந்தது. இந்த வித்தியாசம் முக்கியமானது, கொஞ்சம் கழித்து வருகிறேன்.

இதற்குள் வியாபாரம் நுழைந்துவிட்டது. ஜப்பானில் கம்பெனிகள் தங்களுக்குள் 250 சி.சி. வண்டிக்கு 45 குதிரைசக்தி என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டன. சக்தியைக் காட்டி விற்க முடியாத இடத்தில் வேறு எதைக் காட்டுவது? 1990-ல் வந்த ஹோண்டா சி.பி.ஆர்.250ஆர்.ஆர்.-ன் மீட்டரில் சிவப்புக் கோடு 19,000-த்தில் ஆரம்பித்தது. பாதுகாப்புக்காகப் போட்ட கோடு, கடை வாசலில் மாட்டும் போர்டாக மாறிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் உச்சம் 2006 மாடல் யமஹா ஆர்6. சிவப்புக் கோடு 17,500 என்று விளம்பரம் செய்தார்கள். 600 சி.சி.யில் இவ்வளவா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு அமெரிக்காவில் யமஹாவே ஒப்புக்கொண்டது: 17,500 என்பது மீட்டர் காட்டுகிற எண், எஞ்சின் உண்மையில் சுற்றுவது சுமார் 16,200 தான். எல்லா மீட்டரும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், ஆனால் 1,300 என்பது 8 சதவீதம். அதிருப்தியான வாடிக்கையாளர்களிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் கம்பெனி அறிவித்தது. வண்டியின் வேகத்திலோ சக்தியிலோ ஒரு குறையும் இல்லை! ஆனாலும் ஒரு எண்ணைச் சொல்லி விற்றால் அந்த எண் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. எங்கள் மெர்க்கன்டைல் லா பாடத்தில், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 18 என்று மனப்பாடம் செய்தபோது இவ்வளவு சுவாரஸ்யமாக இருந்ததில்லை.

பந்தயத்தில் லிமிட்டருக்கு இன்னொரு உத்தியோகமும் கிடைத்தது, நடுவர் வேலை. மோட்டோ3 பந்தயங்கள் 2012-ல் தொடங்கும்போதே 14,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள், 2015-ல் அதை 13,500 ஆக்கினார்கள். உலக சூப்பர்பைக் பந்தயத்தில் 2018-ல் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி வரம்பு கொண்டுவந்தார்கள், அந்த விதிப்படி ரொம்ப ஜெயித்தால் அதைக் குறைத்தார்கள். 2019-ல் டுகாட்டி பனிகாலே வி4 ஆர். 16,350-ல் ஆரம்பித்தது. அல்வாரோ பௌதிஸ்தா முதல் 9 பந்தயங்களையும் ஜெயித்ததும் 250 ஆர்.பி.எம்.மைக் கழித்துவிட்டார்கள். அவர் அடுத்த இரண்டையும் ஜெயித்தார் என்பது வேறு கதை. வருட முடிவில் பட்டம் கவாசாகியின் ஜொனாதன் ரேக்குப் போனது. இங்கே லிமிட்டர் எந்த எஞ்சினையும் காப்பாற்றவில்லை, போட்டியைத்தான் காப்பாற்றியது.

சரி, நம்ம வசனத்துக்கு வருவோம். லிமிட்டரைத் தொட்டால் எஞ்சின் கெடுமா? ஓவர்டேக் செய்யும்போது எப்போதாவது தொட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. எஞ்சின் உடையும் வேகத்துக்கு நன்றாகக் கீழேதான் அந்த எல்லையை வைத்திருப்பார்கள். நின்ற இடத்தில் அதிலேயே பிடித்து வைத்திருப்பதுதான் வேறு விஷயம். ஏர் கூல்டு எஞ்சினுக்கு எதிர்க்காற்றே இல்லை, சூடு ஏறிக்கொண்டே போகும். காலையில் ஆயில் சூடாவதற்கு முன் இதைச் செய்தால் இன்னும் மோசம். ஸ்பார்க்கை மட்டும் நிறுத்தும் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவும், மீதி சைலன்சருக்குள் போய் எரியும். நீங்கள் ரசிக்கும் அந்தப் பட்பட் சத்தம் அதுதான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் உள்ளே உருகவும் செய்யலாம். பெட்ரோலை நிறுத்தும் இஞ்ஜெக்‌ஷன் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை, சூடும் தேய்மானமும் மட்டும்தான்.

லிமிட்டரால் முடியவே முடியாத ஒன்று இருக்கிறது. அது நிறுத்துவது எஞ்சின் தானாக உண்டாக்கும் சக்தியை மட்டும். 5-வது கியரில் 9,000-த்தில் போகிறீர்கள், பதற்றத்தில் 2-வது கியருக்கு இறங்கி கிளட்சை விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2-வதின் விகிதம் 5-வதைப் போல இருமடங்கு என்றால் பின்சக்கரம் எஞ்சினை 18,000-த்துக்கு இழுக்கும். லிமிட்டர் ஸ்பார்க்கை நிறுத்தும், பெட்ரோலை நிறுத்தும், என்ன பிரயோஜனம்? சுற்றவைப்பது ரோடு. ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்து அடியைக் குறைக்கும், அவ்வளவுதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு போர்ஷே கார்களைப் பார்க்கலாம். சிவப்புக் கோட்டைத் தாண்டிய பற்றவைப்புகளை அவற்றின் கணினி வேகப் படிகளாகப் பிரித்து எண்ணி வைத்திருக்கும், எஞ்சின் எத்தனையாவது மணி நேரத்தில் அது நடந்தது என்பது உட்பட. பழைய போர்ஷே வாங்குபவர்கள் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். பந்தய மீட்டரில் திரும்பி வராமல் நின்ற அதே இரண்டாவது முள்தான் இது, இப்போது கணினிக்குள். கீழ்ப்படியில் எண்ணிக்கை இருந்தால் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள், லிமிட்டரைத் தொட்டிருப்பார்கள் என்று விட்டுவிடலாம். மேல்படியில் எண்ணிக்கை இருந்தால் விலையை அடித்துப் பேசுவார்கள், அல்லது வேண்டாம் என்று போய்விடுவார்கள். ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் அந்தப் படிக்குப் போக லிமிட்டர் விடாது. கியரைத் தப்பாக இறக்கினால்தான் அங்கே போக முடியும்.